சோதனையில் குறை எதுவும் இல்லை, ஆனால் கோப்பு வாசிக்க முடியவில்லையாம்

தாள்கட்டு:
வணக்கம். சுற்றறிக்கை, ஆண்டறிக்கை தயாரிப்பது என் வேலை. வெளியே போகும் எல்லாக் கோப்பும் இனி டபிள்யூசிஏஜி 2.1 என்ற, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வகைசெய்யும் அணுகல்தன்மை விதித்தொகுப்பின் ஏஏ நிலைக்கு இணங்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எடுத்துப் பார்த்தால் அது முழுக்க இணையப் பக்கத்தைப் பற்றியே பேசுகிறது. நம் பிழைப்போ வேர்டும் பிடிஎஃப்பும்.

வேர்டில் உள்ள அணுகல்தன்மைச் சோதனையை ஓட்டினேன், படங்களுக்கு மாற்று உரை (படத்தைச் சொல்லால் விளக்கும் குறிப்பு) எழுதினேன், பிழைப் பட்டியல் காலி. ஆனால் பார்வையற்ற சக ஊழியர் ஒருவர் பிடிஎஃப்பைத் திறந்துவிட்டு, "தலைப்பே இல்லையே, கணக்கும் தலைகால் புரியவில்லை" என்கிறார். தலைப்புகள் பெரிய தடித்த எழுத்தில் பளிச்சென்று இருக்கின்றன. கணக்கு விவரத்தை டாப் விசையால் நேர்த்தியாக வரிசைப்படுத்தியிருக்கிறேன். எங்கே இடிக்கிறது?

காதுவழி:
நான் நாள் முழுக்க என்விடிஏ என்ற திரைவாசிப்பானில், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளில், வேலை பார்ப்பவன், உங்கள் சக ஊழியர் கட்சி. எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் கண்ணுக்குத்தான் அது தலைப்பு, எனக்கு அது இன்னொரு பத்தி. வேர்டில் உள்ள ஹெடிங் 1, ஹெடிங் 2 என்ற பாணிகளைப் போட்டால்தான் எச் விசையைத் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவ முடியும். இல்லாவிட்டால் நீளமான அறிக்கையை முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். அந்தப் பாணியின் நீல நிறம் பிடிக்கவில்லையா, பாணியையே திருத்துங்கள், பாணியை விட்டுவிடாதீர்கள்.

டாப் விசைக் கணக்கு எனக்கு எப்படிக் கேட்கும் தெரியுமா? "மாதம் ஒதுக்கீடு செலவு மீதி ஏப்ரல் 400 310 90 மே 400 385 15." மூன்றாவது மாதத்துக்குள் எது செலவு, எது மீதி என்பது மறந்துவிடும். அதையே நிஜமான அட்டவணையாகச் செருகி, முதல் வரியைத் தலைப்பு வரியாகக் குறித்துவிட்டால், கன்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி அழுத்தி நகரும்போது "செலவு, 385" என்று சேர்த்துச் சொல்லும். கட்டங்களை மட்டும் ஒன்றிணைக்காதீர்கள், எந்த நெடுவரிசையில் நிற்கிறோம் என்பதே குழம்பிவிடும்.

உங்கள் சோதனைக்கு இதில் பலவும் தெரியாது. டாப் விசையால் செய்ததை அது அட்டவணையாகவே எண்ணாது. மாற்று உரையும் அப்படித்தான், "படம்" என்று ஒற்றைச் சொல் இருந்தாலே திருப்தியாகிவிடும். வரைபடம் என்றால் அது என்ன சொல்கிறதோ அதை எழுதுங்கள். ஓரத்துப் பூவேலைக்கு உரை வேண்டாம், 'அலங்காரம்' என்று குறித்தால் போதும். அப்புறம் ஒரு வேண்டுகோள்: கடைசித் தேதியைப் பக்கத்தின் மேல் கீழ் ஓரங்களில் (ஹெடர், ஃபுட்டரில்) மட்டும் போடாதீர்கள். தொடர்ந்து வாசிக்கும்போது அது என் காதுக்கு வராது.

குறிச்சொல்:
மேலே சொன்ன எல்லாம் செய்த பிறகும் 'பிரின்ட்' வழியாகப் பிடிஎஃப் எடுத்தால் பாடு வீண். அந்த வழியில் கட்டமைப்புக் குறிச்சொற்கள், அதாவது இது தலைப்பு, இது அட்டவணை என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் உள்குறிகள், உதிர்ந்துவிடும். 'சேவ் ஆஸ்' போய், விருப்பங்களில் அணுகல்தன்மைக்கான ஆவணக் கட்டமைப்புப் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். லிப்ரே ஆபீஸ் என்றால் ஏற்றுமதியில் பிடிஎஃப்/யூஏ என்று ஒரு தேர்வு உண்டு. அதுதான் அணுகத்தக்க பிடிஎஃப்புக்காக 2012-இல் வந்த ஐஎஸ்ஓ 14289 தரம். கோப்பின் பண்புகளில் தலைப்பையும் நிரப்புங்கள்.

இணையத்துக்கான விதி கோப்புக்கும் எப்படிப் பொருந்தும் என்று 2013-லேயே அந்த விதியை வகுத்த டபிள்யூ3சி அமைப்பு விளக்கக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. ஐரோப்பாவின் ஈஎன் 301 549 அணுகல்தன்மைத் தரத்தில் 10-ஆம் பகுதி முழுக்க இணையம் சாராத ஆவணங்களுக்கே. ஆகவே உத்தரவு சரிதான், விளக்கத்தைத்தான் விட்டுவிட்டார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 இருக்க வேண்டும்.

தாள்கட்டு:
நன்றி, பிரின்ட் வழிதான் எங்கள் பழக்கம்! இரண்டு சந்தேகம். கையெழுத்து வேண்டும் என்று அச்சிட்டு, ஒப்பமிட்டு, ஸ்கேன் செய்து அனுப்புகிறோமே, அது? நிலுவையில் உள்ளதைச் சிவப்பில் காட்டுவது தப்பா?

குறிச்சொல்:
ஸ்கேன் என்றால் அது வெறும் படம், உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை. ஒப்பமிட்ட பிரதி அலுவலகக் கோப்பில் இருக்கட்டும், குறிச்சொல் உள்ள மூலப் பிடிஎஃப்பை அனுப்புங்கள். டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் இந்தச் சுற்றே வேண்டாம். சிவப்பு இருக்கலாம், பக்கத்திலேயே 'நிலுவை' என்றும் எழுதிவிடுங்கள்.

காதுவழி:
இன்னும் பாமினியில், ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டும் அந்தப் பழைய எழுத்துருவில், தட்டச்சு செய்கிறீர்களா? அப்படியென்றால் 'அம்மா' என்பது எனக்கு 'எம், கே, செமிகோலன், கே, எச்' தான். தமிழ் எழுத்துக்குத் தனிக் குறியீடு உள்ள யுனிகோடுக்கு மாற்றிவிட்டு, வேர்டில் உரையின் மொழியைத் தமிழ் என்று குறியுங்கள். அப்போதுதான் தானாக மொழி மாறும் வசதியுள்ள திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்குத் தாவும். மாற்றிய பிறகு இடையில் வரும் ஆங்கிலச் சொற்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள், மாற்றும் கருவி அவற்றையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கி வைத்திருக்கும்.