‘சனநாயக சோசலிசக் குடியரசு’ என்னும் பெயர் எந்தப் பொருளாதார முறையைக் குறிக்கிறது?

வினா – கரவெட்டி மாணவி

வணக்கம். அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சைக்கு அரசியல் விஞ்ஞானமும் பொருளியலும் எடுக்கவிருக்கிறேன். இரண்டு பாடங்களையும் அருகருகே வைத்துப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு குழப்பம் என்னை விடவில்லை. 1977இல் இலங்கை திறந்த பொருளாதாரத்துக்கு மாறியது என்று பொருளியல் குறிப்பில் இருக்கிறது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு நாட்டுக்கு ‘இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசு’ என்று பெயர் சூட்டியது என்று அடுத்த கொப்பியில் இருக்கிறது. இரண்டையும் செய்தது ஒரே அரசாங்கம். சந்தையைத் திறந்துவிட்ட ஓர் அரசு, அடுத்த ஆண்டே தன் நாட்டுக்குச் சோசலிசம் என்று ஏன் பெயர் வைக்க வேண்டும்?

வீட்டிலும் தெளிவில்லை. எழுபதுகளின் அரசை அப்பப்பா ‘இடதுசாரி அரசு’ என்கிறார். நோர்வேயில் இருக்கும் மாமா, தாங்கள் சோசலிச நாட்டில் வாழ்வதாகவும் அதனால்தான் அங்கே வைத்தியச் செலவு இல்லை என்றும் சொல்கிறார். இடதுசாரி, சோசலிசம், கம்யூனிசம், சமூக சனநாயகம் ஆகிய சொற்களை எப்படிப் பிரித்து விளங்கிக்கொள்வது என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 – பொருளியல் ஆசிரியர், வவுனியா

தங்கை, உங்கள் குழப்பம் நியாயமானது. பல ஆண்டுகள் கற்பித்த பிறகும் இந்த இடத்தில் நான் நின்று நிதானித்துத்தான் பேசுகிறேன்.

பெயரை ஒரு பக்கம் வைத்துவிட்டு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். நிலமும் தொழிற்சாலையும் வங்கியும் யாருடைய உடைமை? எதை, எவ்வளவு, என்ன விலைக்கு உற்பத்தி செய்வது என்பதைச் சந்தை தீர்மானிக்கிறதா, ஒரு திட்டமிடல் அலுவலகம் தீர்மானிக்கிறதா? ஈட்டப்பட்ட வருமானம் வரியாலும் மானியத்தாலும் எப்படி மறுபடி பங்கிடப்படுகிறது? முதலாளித்துவம், சோசலிசம் என்னும் சொற்கள் முதல் இரண்டு கேள்விகளைச் சேர்ந்தவை. நலன்புரி அரசு என்பது மூன்றாவதைச் சேர்ந்தது. ஆட்சியாளரை வாக்குப்போட்டு இறக்க முடியுமா என்பது இவற்றிலிருந்து விலகி நிற்கும் வேறொரு கேள்வி. சனநாயகம், சர்வாதிகாரம் என்னும் சொற்களுக்கு அங்கேதான் இடம்.

இதை வைத்து உங்கள் மாமாவின் கூற்றைப் பார்ப்போம். நோர்வேயில் மருத்துவத்தின் பெரும்பங்குச் செலவை அரசு ஏற்கிறது என்பது மூன்றாம் கேள்விக்கான விடை. ஆனால் அங்குள்ள கடைகளும் கப்பல் நிறுவனங்களும் மீன் வளர்ப்புப் பண்ணைகளும் பெரும்பாலும் தனியாருடையவை; விலையைச் சந்தையே தீர்மானிக்கிறது. உடைமை தனியாரிடம் இருக்க, வலுவான தொழிற்சங்கமும் உயர்ந்த வரியும் கொண்டு ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் இந்த வழிக்குத்தான் சமூக சனநாயகம் என்று பெயர். டென்மார்க்கின் பிரதமராக இருந்த லார்ஸ் லொக்க ராஸ்முசன் 2015இல் அமெரிக்காவில் பேசியபோது, தமது நாடு சோசலிசத் திட்டமிடல் பொருளாதாரம் அன்று, சந்தைப் பொருளாதாரமே என்று வெளிப்படையாக மறுத்தார். இருந்தாலும் மாமாவின் பேச்சில் ஒரு துளி உண்மை உண்டு: நோர்வேயின் மிகப் பெரிய எண்ணெய் நிறுவனத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அரசின் கையில் இருக்கிறது. ஒரே நாட்டுக்குள் துறைக்குத் துறை விடை மாறும் என்பதை இதிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள்.

கம்யூனிசம் என்பது மார்க்சிய நோக்கில் வர்க்கமும் அரசும் இல்லாமற்போன ஒரு பிற்காலக் கட்டம். அதை அடைந்துவிட்டதாகச் சோவியத் ஒன்றியம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆண்ட கட்சியின் பெயர் கம்யூனிஸ்ட், நாட்டின் பெயரோ சோசலிசக் குடியரசுகளின் ஒன்றியம். இடது, வலது என்பவை இன்னும் நெகிழ்வான சொற்கள். 1789இல் பிரெஞ்சுத் தேசிய சபையில் சட்டங்களை மறுக்கும் இரத்து அதிகாரம் மன்னருக்கு வேண்டும் என்றவர்கள் தலைவரின் வலப்பக்கத்திலும், வேண்டாம் என்றவர்கள் இடப்பக்கத்திலும் அமர்ந்ததிலிருந்து வந்தவை அவை. அந்தந்தக் காலத்து அதிகாரப் படிநிலையை யார் எதிர்க்கிறார், யார் காக்கிறார் என்பதையே அவை சுட்டின. பொருளாதாரக் கொள்கைக்கு அளவுகோலாக அவை பிறக்கவில்லை.

இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது, பிரித்தானியர் ஆட்சி முடியும் முன்பே. பங்கீட்டு அரிசி இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொடங்கியது. அந்த அரிசியின் விலையை 1953இல் 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்து, சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக நேர்ந்தது. அதன் பின் எந்தக் கட்சியும், வலதுசாரி என்று பெயர் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி உட்பட, நலன்புரியை எளிதில் தொடத் துணியவில்லை. 1978இல் அந்தக் கட்சியின் தலைவர் ஜே. ஆர். ஜயவர்தன ‘சோசலிச’ என்னும் சொல்லை நாட்டின் பெயரில் சேர்த்ததை இந்தப் பின்னணியில்தான் நான் விளங்கிக்கொள்கிறேன். கட்டுநாயக்கவில் ஏற்றுமதி வலயம் திறந்த அதே ஆண்டில், இலவசக் கல்வியும் வைத்தியமும் பறிபோகா என்று மக்களுக்குச் சொல்லவும் ஒரு சொல் தேவைப்பட்டது. அரிசிப் பங்கீடோ அடுத்த ஆண்டே உணவு முத்திரையாகச் சுருங்கியது.

பதில் 2 – ஓய்வுபெற்ற சங்கக்கடை முகாமையாளர், கோப்பாய்

பிள்ளை, ஆசிரியர் சொன்னதுடன் நான் கண்ணால் கண்டதையும் சேர்க்கிறேன். 1970 முதல் 1977 வரை ஆண்ட ஐக்கிய முன்னணியில் இரண்டு இடதுசாரிக் கட்சிகள் அமைச்சரவையில் இருந்தன. செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியை அந்த அரசு கட்டுப்படுத்தியபோது, யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு அதற்கு முன் காணாத விலை கிடைத்தது. விசுவமடுவில் படித்த வாலிபர் திட்டத்தில் காணி பெற்றவர்கள் மிளகாய் விற்றுக் கல்வீடு கட்டினார்கள். அதே காலத்தில் எங்கள் சங்கக்கடை வாசலில் பாணுக்காக விடியற்காலையில் வரிசை நின்றது. கூப்பன் புத்தகத்துடன் வந்த தாய்மாரை வெறுங்கையுடன் திருப்பி அனுப்பிய நாட்கள் இன்றும் என் மனத்தை உறுத்துகின்றன. 1977க்குப் பின் கடைகள் நிரம்பின. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்திறங்கக் கமக்காரர் நொந்துபோயினர்.

கமக்காரருக்குக் கிடைத்த அந்த நன்மையை நீங்கள் சோசலிசம் என்று எழுதிவிடக் கூடாது. தோட்டக்காணி அவரவர் சொந்தக்காணி, இலாபமும் அவரவருடையது. வெளிநாட்டுப் பொருளை எல்லையில் மறிப்பது பாதுகாப்புக் கொள்கை. அதை முதலாளித்துவ நாடுகளும் செய்திருக்கின்றன. சங்கக்கடையோ உறுப்பினர் பங்குப்பணம் கட்டி நடத்தும் கூட்டுறவு. கொள்கையளவில் அது அரசுடைமையும் அன்று, தனியுடைமையும் அன்று. நடைமுறையில் கொழும்பிலிருந்து வரும் சுற்றறிக்கைக்குக் காத்திருந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இன்னொன்று. இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, ஒரு மொழி என்றால் இரு நாடு ஆகும் என்று எச்சரித்தவர். அவரே அமைச்சராக இருந்து உருவாக்கிய 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு, சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக நிலைநிறுத்தியது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவர் கூடுதல் புள்ளி பெற வேண்டியதாக்கிய தரப்படுத்தலும் அந்த ஆட்சியில்தான் வந்தது. பொருளாதாரத்தில் இடதுசாரி என்றால் தேசிய இனப் பிரச்சினையிலும் நீதியாக நடப்பார் என்று நம்பிய என் தலைமுறை பட்ட ஏமாற்றத்தை இரண்டு வரியில் எழுத முடியாது.

பதில் 3 – மலையக வாசகர், ஹட்டன்

அரசுடைமை என்னும் சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அதை எங்கள் லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள், அனுபவித்திருக்கின்றன. 1972ஆம் ஆண்டு காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 50 ஏக்கர், வயலாயின் 25 ஏக்கர் என்று உச்சவரம்பு விதித்தது. 1975இல் வந்த திருத்தம் கம்பனிகளின் தோட்டங்களையும், பிரித்தானியக் கம்பனிகளின் தோட்டங்கள் உட்பட, அரசின் கீழ் கொண்டுவந்தது. ஏட்டில் பார்த்தால் இது உற்பத்திச் சாதனங்கள் மக்களுடைமையான தருணம். அந்தத் தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள். ஆகவே அந்த ‘மக்கள்’ என்னும் சொல்லுக்குள் அவர்கள் வரவில்லை. எழுபதுகளின் நடுவில் மலைநாட்டில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. காணி சுவீகரிக்கப்பட்ட தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் வன்னிக்கு வந்து சேர்ந்தன. என் தாயாரின் உறவினரும் அவ்வாறு வந்தவர்களே.

தோட்டத்துரையின் பங்களாவில் ஆள் மாறினார். முழுப் பேரா அரைப் பேரா, அதாவது முழு நாட்கூலியா பாதியா, என்று எழுதும் முறை மாறவில்லை. 1992இல் நிருவாகம் மறுபடியும் தனியார் கம்பனிகளுக்குப் போனது. நிலம் இன்றும் சட்டப்படி அரசுடையதுதான், கம்பனி குத்தகைக்காரர். எனவே, ஆசிரியரின் முதற் கேள்வியை நான் சற்றுத் திருத்துவேன். யாருடைய உடைமை என்று கேட்பதோடு, அந்த உடைமையைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் வேலை செய்பவர் இருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். யூகோசிலாவியா 1950இல் தொழிற்சாலைகளைத் தொழிலாளர் மன்றங்களின் கையில் ஒப்படைக்கச் சட்டம் இயற்றியது, இந்த வேறுபாடு சோசலிஸ்டுகளுக்கே தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று.

பதில் 4 – மதுரை வாசகர்

ஒரு சிறு மாற்றுக் கருத்து. பெயரை ஒதுக்கிவைக்கச் சொல்வது முழுதும் சரியில்லை, சட்டத்தில் சொல்லுக்கும் வேலை உண்டு. இந்திய அரசியலமைப்பின் முகப்புரையில் ‘சமதர்ம’ (சோசலிச) என்னும் சொல் 1976இல் 42ஆவது திருத்தத்தால் சேர்ந்தது. அதற்கு முன் 1948இல் அரசியல் நிர்ணய சபையில் கே. டி. ஷா அதை முன்மொழிந்தபோது, சமூகத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்பதை அந்தந்தக் காலத்து மக்களே முடிவு செய்யட்டும் என்று அம்பேத்கர் மறுத்திருந்தார். இன்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி, பதிவு கேட்கும் ஒவ்வொரு கட்சியும் சமதர்மக் கொள்கைக்குப் பற்றுறுதி தெரிவிக்க வேண்டும். சமதர்மத்தை எதிர்ப்பதற்காகவே 1959இல் இராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி இப்போது பிறந்திருந்தால் அந்த உறுதிமொழியை எழுதித் தந்துதான் பதிவு பெற்றிருக்கும். 2024 நவம்பரில் அந்தச் சொல்லை நீக்கக் கோரிய மனுக்களை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்தியச் சூழலில் அது நலன்புரி அரசையும் சம வாய்ப்பையும் குறிக்கிறது, தனியார் துறையைத் தடுக்கவில்லை என்றும் விளக்கியது.

பதில் 5 – கரவெட்டி மாணவி

எல்லோருக்கும் நன்றி. மலையக வாசகர் எழுதியதை அப்பப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. இன்னும் ஒன்று கேட்கலாமா? 2024இல் ஆட்சிக்கு வந்து, நவம்பரில் நாடாளுமன்றத்தில் 159 ஆசனங்கள் பெற்ற தேசிய மக்கள் சக்தியின் மையத்தில் இருப்பது மக்கள் விடுதலை முன்னணி. அது தன்னை மார்க்சிய லெனினியக் கட்சி என்று சொல்லிவந்தது. அப்படியிருந்தும் 2023இல் ஒப்பந்தமான சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்தை இந்த அரசும் தொடர்கிறது. இதை எந்தப் பெயரால் எழுதுவது?

பதில் 6 – பொருளியல் ஆசிரியர், வவுனியா

ஒற்றைப் பெயரால் எழுதாதீர்கள் என்பதே என் ஆலோசனை. அதே முன்னணி 1971இல் ஆயுதம் எடுத்தது, இடதுசாரிக் கட்சிகள் அமர்ந்திருந்த ஓர் அரசுக்கு எதிராக. அன்றே பெயர் நமக்கு உதவவில்லை. கேள்விகளைத் தனித்தனியே கேளுங்கள். உடைமையில், ஸ்ரீலங்கன் விமான சேவையை விற்கும் முந்திய அரசின் திட்டத்தை இவர்கள் கைவிட்டார்கள். விலையில், எரிபொருளும் மின்சாரமும் செலவை ஈடுசெய்யும் விலைக்கு விற்கப்பட வேண்டும் என்னும் நிதியத்தின் நிபந்தனைக்குள் நிற்கிறார்கள். பங்கீட்டில், வறிய குடும்பங்களுக்காக முந்திய அரசு தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவைத் தொடர்கிறார்கள். மூன்று விடைகளும் மூன்று திசையில் இருப்பதைப் பரீட்சையில் அப்படியே எழுதினால், கலப்புப் பொருளாதாரம் என்று வெறுமனே எழுதுவதைவிட அது மேலான விடை. மதுரை வாசகரின் திருத்தத்தை ஏற்கிறேன். மலையக வாசகரின் கேள்வியை இனி வகுப்பிலும் சேர்த்துக் கேட்பேன்.

நாளை நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் போகும்போது கவனியுங்கள். 1958இல் பஸ் சேவை அரசுடைமையானது. 1979இல் தனியாருக்கும் வழி விடப்பட்டது. அரசின் இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) ஓட்டும் சிவப்பு நிற பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே வீதியில் போட்டி போட்டு ஓடுகின்றன, கட்டணத்தை நிர்ணயிப்பதோ அவை இரண்டும் அல்ல. உங்கள் கையிலுள்ள மாணவர் பருவச்சீட்டின் மீதிப் பணத்தை யார் கட்டுகிறார் என்று நடத்துநரிடம் கேட்டுப் பாருங்கள்.