ஜூனியர் பிரிட்ஜ்மன்: 3.5 லட்சம் டாலர் சம்பளக்காரர் 140 கோடி டாலருக்கு அதிபதியானது எப்படி?

கேள்வி | எழுதியவர்: வளையம்

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் ஆடி ஓய்வு பெற்ற செல்வந்தர்கள் என்றால் மைக்கேல் ஜோர்டன், மேஜிக் ஜான்சன் ஆகிய பெயர்கள்தாம் எவருக்கும் முதலில் நினைவுக்கு வரும். 2025ஆம் ஆண்டில் ஃபோர்ப்ஸ் இதழ் அவர்களோடு ஒரே வரிசையில் ஜூனியர் பிரிட்ஜ்மனையும் வைத்து, அவருடைய சொத்தை 140 கோடி டாலர் என மதிப்பிட்டது. அதே ஆண்டு மார்ச் மாதம் அவர் 71 வயதில் காலமானார். சிறந்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒருமுறைகூடத் தேர்வாகாத, பட்டம் வென்ற அணி எதிலும் இடம்பெறாத ஓர் ஆட்டக்காரர் இந்த உயரத்தை எட்டியது எப்படி என்பது எனக்கு விளங்கவில்லை. அவர் வாங்கிய உச்சச் சம்பளமே ஆண்டுக்கு ஏறத்தாழ 3.5 லட்சம் டாலர்தான் என்கிறார்கள்.

மறுபுறம், ஆண்ட்வான் வாக்கர் என்ற இன்னொரு என்.பி.ஏ. ஆட்டக்காரர் தம் ஆட்டக்காலத்தில் 10.8 கோடி டாலருக்கு மேல் ஈட்டியும் 2010இல் திவால் மனு கொடுத்தார். பிரிட்ஜ்மன் புத்திசாலித்தனமாக முதலீடு செய்தார் என்ற ஒற்றை வரி எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அந்த வரிக்குள் என்ன நடந்தது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் | எழுதியவர்: பழைய ஆட்டம்

அவருடைய ஆட்டக்காலத்திலிருந்து தொடங்கினால்தான் பின்னால் வந்த வணிகம் புரியும். பிரிட்ஜ்மன் 1953இல் இண்டியானா மாநிலத்தின் கிழக்கு சிகாகோவில் பிறந்தவர். எஃகு ஆலைகளை நம்பிப் பிழைத்த ஊர் அது, அவருடைய தந்தையும் ஆலைத் தொழிலாளிதான். லூயிவில் பல்கலைக்கழகத்துக்கு ஆடி, அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசைப்படி எடுக்கும் 1975ஆம் ஆண்டுத் தேர்வில் லேக்கர்ஸ் அணியால் எட்டாவது ஆளாக எடுக்கப்பட்டார். ஆனால் லேக்கர்ஸ் சட்டையை அணிந்து ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, பக்ஸின் நட்சத்திர ஆட்டக்காரர் கரீம் அப்துல்-ஜபாரைத் தன் பக்கம் கொண்டுவருவதற்காக அந்த அணி வேறு மூவரோடு சேர்த்து இவரையும் மில்வாக்கி பக்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டது.

மில்வாக்கியில் அவர் ஏற்ற பொறுப்பு பெரும்பாலும் ஆறாவது ஆட்டக்காரருடையது. தொடக்க ஐவரில் ஒருவர் களைக்கும்போதோ, எதிரணி முன்னேறும்போதோ பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, உடல் சூடேறக் காத்திராமல் புள்ளி சேர்க்க வேண்டும். பன்னிரண்டு பருவங்களில் ஆட்டத்துக்குச் சராசரியாக 13.6 புள்ளி எடுத்தவர். அவற்றில் பத்துப் பருவங்களை மில்வாக்கியிலும் இரண்டைக் கிளிப்பர்ஸ் அணியிலும் கழித்தார். பக்ஸ் அணிக்காக அவர் ஆடிய 711 ஆட்டங்கள் நெடுங்காலம் அந்த அணியின் சாதனையாக நின்றன. அவருடைய 2ஆம் எண் சட்டையை வேறு யாருக்கும் தருவதில்லை என 1988இல் அணி முடிவு செய்தது.

சம்பளத்தை அந்தக் காலத்து அளவுகோலில் பார்க்க வேண்டும். 1984-85 பருவத்தில் அறிமுகமான ஊதிய உச்சவரம்பின்படி ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்துத் தரக்கூடிய தொகையே 36 லட்சம் டாலர்தான். எனவே 3.5 லட்சம் அப்போது கௌரவமான ஊதியம். ஆனால் 33 வயதில் ஓய்வு பெறுகிறவருக்கு எஞ்சிய நாற்பது ஆண்டுகளையும் அதை வைத்தே ஓட்டிவிட முடியாது. 1985 முதல் மூன்றாண்டுகள் அவர் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக இருந்தவர் என்பதால், இந்தக் கணக்கை அவர் மற்றவர்களைவிடத் தெளிவாக அறிந்திருப்பார் என்றே கருதுகிறேன்.

பதில் | எழுதியவர்: கல்லா

மேலே உள்ளவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். உணவகத் தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பதால் பிரிட்ஜ்மனின் வாழ்க்கையில் என்னை ஈர்ப்பது இந்தப் பகுதிதான்.

அவர் தேர்ந்தெடுத்தது வெண்டீஸ் என்ற ஹாம்பர்கர் நிறுவனத்தின் கிளை உரிமம், அதாவது ஃபிரான்சைஸ். பெயரும் பொருளும் செய்முறையும் நிறுவனத்துடையவை. கட்டடம், ஆட்கள், அன்றாடச் செலவு ஆகியவை உரிமம் பெற்றவருடைய பொறுப்பு. விற்பனையில் ஒரு விழுக்காட்டை ராயல்டியாகவும், விளம்பரத்துக்கென இன்னொரு பங்கையும் நிறுவனத்துக்குச் செலுத்திவிட வேண்டும். இவை லாபத்திலிருந்து அல்ல, மொத்த விற்பனையிலிருந்து போகின்றன என்பதைக் கவனியுங்கள். கடை நட்டத்தில் ஓடினாலும் ராயல்டி நிற்காது. ஆகவே மிஞ்சுவதெல்லாம் இறைச்சி வீணாகாமல் பார்ப்பதிலும், மதிய நெரிசலில் வரிசை நகரும் வேகத்திலும், பயிற்சி கொடுத்த ஆட்கள் வேலையை விட்டுப் போகாமல் தக்கவைப்பதிலும் இருக்கிறது.

பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் பலர் உணவகத்துக்குத் தங்கள் பெயரைக் கொடுத்து, திறப்பு விழாவில் புகைப்படம் எடுத்துக்கொண்டு, நடத்துவதை வேறொருவரிடம் விட்டுவிடுவார்கள். பிரிட்ஜ்மனோ கடைக்குள் இறங்கி வேலை கற்றார். கவுண்டரில் நின்று ஆர்டர் வாங்கினார், அடுப்படியில் நின்று பர்கர் சுட்டார். இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சிறிய எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். வெண்டீஸில் சதுர வடிவ இறைச்சித் துண்டைக் கல்லில் போட்டபின், அது உரிய நேரத்தில் விற்காமல் அதிகம் வெந்துவிட்டால் குப்பைக்குப் போவதில்லை. அதைத் துண்டு துண்டாக்கி, பீன்ஸ் சேர்த்த சில்லி என்னும் குழம்பில் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு கிளையில் குழம்புக்குப் போகும் இறைச்சி திடீரென அதிகரித்தால், கூட்டத்தைச் சரியாகக் கணிக்காமல் கல்லில் துண்டுகளைப் போடுகிறார்கள் என்று பொருள். கணக்கறிக்கையில் இது ஓர் எண்ணாக மட்டுமே தெரியும். அடுப்பருகே நின்றவருக்குத்தான் அதன் காரணம் தெரியும்.

ஓய்வுக்குப் பின் சில கிளைகளோடு தொடங்கிய அந்தத் தொழில், சில்லிஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் உணவகங்களையும் சேர்த்து, உச்சத்தில் இருநூற்றுக்கும் மேற்பட்ட உணவகங்களாகப் பெருகியது. முப்பது ஆண்டு உழைப்பு அது. இதை முதலீடு என்று சொல்வதைவிடத் தொழில் என்று சொல்வதே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்டவர்: வளையம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆனால் இவ்வளவு வளர்ந்த உணவகங்களை அவர் ஏன் விற்றார்? மேலும், முகம் தெரிந்த ஆட்டக்காரர் என்பதால் திறந்த கதவுகளும் இருந்திருக்க வேண்டுமல்லவா? அதைச் சொல்லாமல் உழைப்பை மட்டும் சொன்னால் கதை முழுமை பெறாது என்று தோன்றுகிறது.

பதில் | எழுதியவர்: ஐந்தொகை

உங்கள் ஐயம் நியாயமானது. மில்வாக்கியில் பத்துப் பருவம் ஆடியவருக்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது. வங்கிக்காரரும் கட்டட உரிமையாளரும் அவர் அழைத்தால் பேசுவார்கள். எஃகு ஆலைத் தொழிலாளியின் மகனாக மட்டும் அவர் இருந்திருந்தால் அந்தப் பேச்சு அவ்வளவு எளிதாகத் தொடங்கியிருக்காது. எனினும் அதுபோன்ற புகழ் பலருக்கு இருந்தது. வாக்கரின் புகழ் இதைவிடப் பெரியது. 2006இல் மியாமி அணியோடு பட்டம் வென்றவர் அவர். சிகாகோவில் வீட்டு மனைத் தொழிலில் பணத்தைப் போட்டுச் சொந்தப் பொறுப்பில் கடன்களுக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தார். 2008ஆம் ஆண்டு நெருக்கடியில் சந்தை சரிந்தபோது அந்தக் கடன்கள் அவர்மேல் விழுந்தன. சூதாட்டமும், அவரை நம்பியிருந்த பெருங்கூட்டத்தின் செலவும் சேர்ந்துகொண்டன. பின்னர் அவரே இளம் ஆட்டக்காரர்களிடம் இவற்றைத் திறந்த மனத்தோடு எடுத்துச் சொல்லிவருவதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்னொரு ஒப்பீடும் உண்டு. எந்தக் கரீமுக்காக பிரிட்ஜ்மன் கைமாற்றப்பட்டாரோ, அந்தக் கரீம் 38,387 புள்ளிகளோடு 2023 வரை என்.பி.ஏ. வரலாற்றில் அதிகப் புள்ளி எடுத்தவராக இருந்தவர். அவரும் 1980களில் தம் பணத்தை நிர்வகித்தவர் செய்த முதலீடுகளால் பெருந்தொகையை இழந்து வழக்குத் தொடுக்க நேர்ந்தது. பணத்தைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டுத் தம் தொழிலில் மட்டும் கருத்தாக இருந்ததைத் தவிர அவர் பெரிதாகத் தவறேதும் செய்துவிடவில்லை.

உணவகங்களை விற்றதற்கு வருகிறேன். 2016ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோகோ கோலா நிறுவனம் அமெரிக்காவில் தானே நடத்திவந்த பாட்டில் ஆலைகளையும் விநியோகப் பகுதிகளையும் தனியாரிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தது. பானத்தின் அடிச்சரக்கான செறிந்த கரைசலை நிறுவனம் தரும். அதைத் தண்ணீரோடும் வாயுவோடும் கலந்து, பாட்டிலில் அடைத்து, லாரியில் ஏற்றிக் கடைக்கடையாகக் கொண்டுசேர்ப்பது ஆலைக்காரரின் வேலை. ஒரு பகுதிக்கு ஒரே ஆலைக்காரர் என்பதால் எதிர்க்கடை அதே பானத்தோடு முளைக்கும் அச்சம் இல்லை. பிரிட்ஜ்மன் 2016இல் உணவகங்களை விற்றுவிட்டு, 2017இல் கான்சஸ், மிசூரி, இலினாய் பகுதிகளுக்கான ஹார்ட்லேண்ட் கோகோ கோலா நிறுவனத்தைத் தொடங்கினார். 2018இல் கனடாவின் கோகோ கோலா விநியோகத்தில் அந்நாட்டுத் தொழிலதிபர் லாரி டேனன்பாமோடு கூட்டாளியானார். உணவகத்தில் கற்ற ஆள் நிர்வாகமும் சரக்கு நிர்வாகமும் இங்கும் அப்படியே பயன்படும் என்பதால், அறியாத தொழிலில் குதித்தார் என்று இதைச் சொல்ல முடியாது.

2020இல் திவால் நீதிமன்ற விற்பனையில் எபனி, ஜெட் இதழ்களை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது மட்டும் வேறு வகை. 1945 முதல் கறுப்பின அமெரிக்கக் குடும்பங்களின் வரவேற்பறையில் இருந்த இதழ் எபனி. அது அழிந்துவிடக் கூடாது என்ற பற்றும் அந்தக் கொள்முதலில் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

140 கோடி என்பது கையிருப்புப் பணமன்று என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஆலைகளின் மதிப்பையும் பங்குகளின் மதிப்பையும் கூட்டி, கடனைக் கழித்தபின் இதழாளர்கள் போடும் மதிப்பீடு அது.

பதில் | எழுதியவர்: பழைய ஆட்டம்

அந்தப் பங்குகளில் ஒன்றைப் பற்றி மட்டும் சேர்த்துவிடுகிறேன். 2024 செப்டம்பரில் அவர் மில்வாக்கி பக்ஸ் அணியில் 10 விழுக்காடு வாங்கினார். அவர் கிளிப்பர்ஸுக்கு ஆடிக்கொண்டிருந்த 1985இல் ஹெர்ப் கோல் என்ற தொழிலதிபர் அந்த அணி முழுவதையும் வாங்கியது ஏறத்தாழ 1.8 கோடி டாலருக்கு. 2023இல் ஒரு பங்கு கைமாறியபோது அணியின் மதிப்பு 350 கோடி டாலராகக் கணக்கிடப்பட்டது. அந்த மதிப்பில் பத்தில் ஒரு பங்கே 35 கோடி டாலர் ஆகிறது. அவர் ஆட்டக்காரராக எவ்வளவு சேமித்திருந்தாலும் அந்தத் தொகையின் அருகில்கூட வந்திருக்க முடியாது. வெண்டீஸும் கோகோ கோலாவும்தான் அவரை அங்கே கொண்டுசேர்த்தன. அணியில் அவர் பெயர் உரிமையாளர் பட்டியலில் ஆறு மாதமே இருந்தது. தொழில்களை இப்போது அவருடைய பிள்ளைகள் நடத்துகிறார்கள்.