தீம் பார்க் ரேட்டிங்கை வைத்து எப்படி ஒப்பிடுவது? திருவாரூரிலிருந்து 38 பேர் கிளம்புகிறோம்

ஓடம்போக்கிக் கரை (திருவாரூர்)

வணக்கம். எங்கள் தெருக்காரர்களும் சொந்தக்காரர்களுமாக 38 பேர் மே மாதம் ஒரு தீம் பார்க்குக்குப் போகலாம் என்று இருக்கிறோம். சம்பா அறுத்து உளுந்தும் எடுத்தாச்சு, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்துவிடும், மேட்டூர் திறந்து தண்ணீர் வரும் வரை வயலில் பெரிய வேலை இல்லை, ஆக எல்லாருக்கும் ஒத்து வருவது அந்த மாதம்தான். இடம் பார்க்கும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள்.

யோசனையில் இருப்பது, திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா, ஈசிஆரில் விஜிபி, பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லேண்ட், மதுரை பரவையில் அதிசயம், மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர். மூன்று நாளாகப் போனில் ரேட்டிங் பார்க்கிறேன், எல்லாமே நாலு சொச்சம்தான். பாயிண்டுக்கு அப்புறம் வருகிற அந்த ஓர் எண்ணை வைத்து 38 பேர் பணத்தை எப்படிச் செலவு செய்வது? உலக அளவில் போடும் பட்டியல்களையும் பார்த்தேன், ஒன்றில் முதலில் இருக்கிற பூங்கா இன்னொன்றில் கண்ணிலேயே படவில்லை.

நாலு வருஷம் முன்னால் இப்படித்தான் ரேட்டிங்கை மட்டும் நம்பி ஓரிடத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். பிள்ளைகள் ஆடிப் பாடினார்கள், ஆனால் அம்மாவும் அத்தையும் உட்கார நிழல் கிடைக்காமல் லாக்கர் அறைச் சுவரோரம் தரையில் ஆறு மணி நேரம் இருந்தார்கள். அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. இந்த முறை அறுபதைத் தாண்டியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் 14 பேர். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நன்னிலம் பொண்ணு

அண்ணா, நான் சென்னையில் வாடிக்கையாளர் கருத்துக் கணிப்பு செய்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். சராசரி என்பது பல விஷயங்களை மூடி வைத்துவிடும். நூறு பேரில் 90 பேர் 5 ஸ்டாரும் 10 பேர் 1 ஸ்டாரும் போட்டால் சராசரி 4.6. அதே நூறு பேரில் 60 பேர் 5, 40 பேர் 4 போட்டாலும் 4.6 தான். முதல் பூங்காவில் பத்தில் ஒருவர் நொந்துபோய்த் திரும்பியிருக்கிறார், இரண்டாவதில் ஒருவர்கூட இல்லை. உங்கள் 38 பேரில் அந்தப் பத்தில் ஒருவர் யார்? பெரும்பாலும் உங்கள் அம்மா மாதிரி ஒருவர். ஆகவே எண்ணைப் பார்க்காதீர்கள், அதற்குக் கீழே 5, 4, 3, 2, 1 என்று பட்டை பட்டையாக இருக்குமே, அதில் கடைசிப் பட்டை எவ்வளவு நீளம் என்று பாருங்கள்.

இன்னொன்று, பழைய இடங்களுக்குப் பழைய மார்க் தாங்கிக்கொண்டே இருக்கும். ஓரிடத்துக்கு 50,000 பேர் போட்ட சராசரி 4.4 என்று வையுங்கள். பராமரிப்பு கெட்டுப்போய் அடுத்த 500 பேரும் 1 ஸ்டார் போடுகிறார்கள். போனில் என்ன காட்டும் தெரியுமா, அப்போதும் 4.4 தான். புதிதாகத் திறந்த இடத்தில் கதை வேறு, எல்லாமே சமீபத்தில் எழுதியது, ஆனால் திறந்த புதிதில் ஆர்வத்தில் ஓடிப்போனவர்களின் கருத்துதான் அதில் அதிகம். எங்கே போவதாக இருந்தாலும் புதியவை முதலில் என்று மாற்றி வைத்துக் கடைசி மூன்று மாதத்தை மட்டும் படியுங்கள்.

உலகப் பட்டியல்கள் ஒத்துப்போகாததற்கும் காரணம் இருக்கிறது. ஒரு பட்டியல் வருகிறவர்களின் தலையை எண்ணுகிறது, அதில் டிஸ்னி பூங்காக்கள்தான் மேலே நிற்கும், கூட்டம் திருப்தியோடு போனதா என்று அது கேட்பதே இல்லை. கோல்டன் டிக்கெட் விருது 1998-லிருந்து கொடுக்கிறார்கள், அதில் ஓட்டுப் போடுவது ஊர் ஊராகப் போய் ரோலர் கோஸ்டர் ஏறுகிற அனுபவசாலிகள். அவர்கள் அமெரிக்காவின் சீடர் பாயிண்டைத் தொடர்ந்து 16 வருஷம் சிறந்த பூங்காவாகத் தேர்ந்தெடுத்தார்கள், 2014-ல்தான் ஜெர்மனியின் யூரோப்பா பார்க் முந்தியது. முட்டிவலிக்காரர் யாரும் அந்த ஓட்டில் கிடையாது.

எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் இண்டியானாவில் ஹாலிடே வேர்ல்டு என்று ஒரு குடும்பப் பூங்கா. 2000-லிருந்து குளிர்பானம் இலவசம், பார்க்கிங் இலவசம், வெயிலுக்குப் பூசுகிற கிரீமும் இலவசம். ராட்டினம் எல்லா ஊரிலும் சுற்றுகிறது, தாகத்துக்குக் காசு கேட்காததுதான் மனசில் நிற்கிறது. நம்மூர் இடங்களிலும் குடிதண்ணீர் எங்கே, எத்தனை இடத்தில் என்று விமர்சனங்களில் தேடுங்கள்.

குடந்தை டூரிஸ்ட் வேன்

தம்பி, இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். நீங்கள் சொன்ன அஞ்சு இடத்துக்கும் ஆள் ஏற்றிப் போயிருக்கிறேன், புதிதாகத் திறந்ததற்கு மூணு தடவை ஆகிவிட்டது. ஸ்டாரையெல்லாம் நான் பார்ப்பதில்லை, திரும்பி வரும்போது வண்டிக்குள் என்ன பேசுகிறார்கள் என்பதுதான் எனக்குக் கணக்கு.

நம்ம பக்கத்துப் பிள்ளைகள் குடமுருட்டியிலும் அரசலாற்றிலும் மதகிலிருந்து குதித்து வளர்ந்ததுகள். சாதாரணத் தண்ணீர்ச் சறுக்கில் இரண்டு தடவை போனதும் அலுத்துவிடும். மெட்ராஸ் பிள்ளைகள் அதற்கு அஞ்சு ஸ்டார் போட்டிருக்கும், நம்ம பிள்ளை மூணுதான் போடும். ஆனால் வேவ் பூல் வேறு, அலை அடிக்கிற குளத்தை ஆற்றில் பார்க்க முடியாதே, அதை விட்டு ஏற மாட்டார்கள். உயரத்தில் ஏறிக் கவிழ்க்கிற, தண்ணீர் இல்லாத டிரை ரைடும் அப்படித்தான். ஆகவே உங்கள் பிள்ளைகளுக்கு அந்த இரண்டும் நல்லதாக இருக்கிற இடமாகப் பாருங்கள்.

பெரியவர்கள் கதை வேறு. நீலகிரி அடிவாரத்தில் மரமும் காற்றும் இருப்பதால் மேட்டுப்பாளையம் போனால் வயசானவர்கள் முகத்தில் ஒரு தெளிச்சி தெரியும். ஆனால் அதற்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வர வேண்டும், முட்டி வீங்கிவிடும். தூரத்துக்கு யாரும் ஸ்டார் குறைப்பதில்லை, பக்கத்து ஊர்க்காரர்கள்தானே அதிகம் எழுதுகிறார்கள்.

அப்புறம் மே மாதம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அதே இடம், அதே ராட்டினம், செவ்வாய்க்கிழமை போனால் நாலு தடவை ஏறலாம், ஞாயிறு போனால் ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும். விமர்சனம் படிக்கும்போது அது என்ன கிழமை என்று பாருங்கள்.

மாயவரம் டீச்சர்

இரண்டு பேரும் சொன்னது சரி, நான் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன், உயரம். போன வருஷம் எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று, பதினோரு வயசு, மாதக் கணக்கில் வீடியோ பார்த்து ஏங்கிக்கொண்டிருந்த ரோலர் கோஸ்டருக்கு க்யூவில் நின்று, கடைசிக் கதவு வரை போய், 2 சென்டிமீட்டர் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டான். அளந்தவர் மேல் தப்பே இல்லை, பெல்ட் பிடிக்காத உடம்பை ஏற்றக் கூடாது. ஆனால் அவன் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. தப்பு எங்கள் மேல், வீட்டிலேயே அளந்து சொல்லியிருக்க வேண்டும்.

வொண்டர்லாவில் டிக்கெட்டே உயரத்தை வைத்துத்தான். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். பெரிய ரைடுகள் பலவற்றுக்கும் அந்த 140 தான் கோடு. உங்கள் 14 பேரில் எத்தனை பேர் அந்தக் கோட்டைத் தாண்டுகிறார்கள் என்று தெரிந்தால்தான் எந்த இடம் என்றே முடிவு செய்ய முடியும். பாதிக்கு மேல் சின்னதுகள் என்றால் பெரிய கோஸ்டருக்காக அவ்வளவு காசு கொடுப்பது நியாயமில்லை. தண்ணீருக்கு நைலான் துணி கேட்பார்கள், பெண்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கே போய் வாங்கினால் விலை வேறு.

நன்னிலம் பொண்ணு

டீச்சர் சொன்னதைப் படித்ததும் ஞாபகம் வந்தது, ஒரு அனுபவத்தின் முடிவு எப்படி இருந்ததோ அதுதான் மனசில் அதிகம் நிற்கும். 1993-ல் உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். கையை 14 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் 60 விநாடி வைப்பது ஒன்று. இன்னொன்றில் அதே 60 விநாடி, கூடவே மேலும் 30 விநாடி, அந்த நேரத்தில் தண்ணீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். மறுபடி எதைச் செய்வீர்கள் என்று கேட்டபோது அதிகம் பேர் நீளமானதைத்தான் சொன்னார்கள், முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால். கடைசி ஒரு மணி நேரத்தைப் பெரியவர்களுக்கும் சின்னதுகளுக்கும் சேர்த்து ஏதாவது மெதுவான இடத்தில் வையுங்கள் அண்ணா. ஆளாளுக்குத் தேடி அலைந்து, வண்டி எங்கே என்று கத்திக்கொண்டு முடிய வேண்டாம்.

ஓடம்போக்கிக் கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து அஞ்சு இடத்துக்கும் 1 ஸ்டார் விமர்சனங்களை மட்டும் படித்தேன், மூன்று நாளில் கிடைக்காத தெளிவு இரண்டு மணி நேரத்தில் கிடைத்தது. நிழல் இல்லை, கழிவறை சுத்தமில்லை என்று இந்த மாதமும் புகார் வந்திருக்கிற இரண்டு இடங்களை அடித்துவிட்டேன். தூரத்துக்காக மேட்டுப்பாளையமும் இல்லை, அம்மாவிடம் கேட்டபோது அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். மிச்சம் இரண்டு. மே முதல் வாரம் செவ்வாய்க்கிழமை என்று வைத்திருக்கிறோம். நாளைக்குச் சாயங்காலம் 14 பிள்ளைகளையும் திண்ணையோரம் நிறுத்தி அளக்கப் போகிறேன், எட்டுப் பேராவது 140-ஐத் தாண்டினால் இள்ளலூர், இல்லை என்றால் மற்றது.

குடந்தை டூரிஸ்ட் வேன்

சரி தம்பி. அளக்கும்போது செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள், செருப்போடு அளந்தால் கணக்கு தப்பிவிடும்.