சொரிமுத்து அய்யனார் கோவிலில் குடில் போட்டுத் தங்க என்னென்ன வேண்டும்?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஆடி அமாவாசைத் திருவிழாவுக்கு, அந்தக் கோவில் இருக்கும் காரையாற்றில் (நெல்லை மாவட்டம் பாபநாசத்துக்கு மேலே உள்ள மலைக்காடு) குடும்பத்தோடு இரண்டு இரவு தங்கப் போகிறோம். இதுதான் முதல்முறை. இரண்டு பிள்ளைகள், கூடவே 70 வயது ஆச்சி. "நாலு கம்பும் பனையோலையும் போதும்" என்கிறார் ஆச்சி. அவர் போன காலம் வேறு!

என் கவலையெல்லாம் சாரல்தான். ஈரத் தரையில் எதை விரிப்பது? போன வாரம் மொட்டைமாடியில் பத்தமடைப் பாயை விரித்துப் பார்த்தேன். விடிவதற்குள் ஓரமெல்லாம் நொதநொதவென்று ஊறிவிட்டது. தார்ப்பாயைக் கீழே போட்டால் மேலே எதைக் கட்டுவது?

புலிகள் காப்பகம் என்பதால் பாபநாசம் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பைகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அரிசி, பருப்பை எவர்சில்வர் தூக்குகளில் அடைத்துவிட்டேன். குரங்கு அதையும் திறக்குமா? கேஸ் அடுப்பை உள்ளே விடுவார்களா? ஆச்சி குளிக்க ஆழமில்லாத படித்துறை எந்தப் பக்கம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.