டிராலி ஜாக்கி, ஸ்டாண்டு வாங்கிய கதை: வீட்டு வாசலில் வண்டி வேலை பார்ப்பவர்களின் அனுபவங்கள்

கோவை, ஸ்விஃப்ட்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாள் மழை விட்டு அன்றுதான் வெயில் அடித்தது. முன் சக்கர பிரேக் பேட் தேய்ந்து கீச் கீச் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்ததால், வாசலிலேயே மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வண்டியோடு வந்த திருகு ஜாக்கி, வீல் ஸ்பேனர், 14-ம் நம்பர் ஸ்பேனர், இவ்வளவுதான் கையில். எட்டு வயது மகள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இடது முன் சக்கரத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினேன். இறுகிப்போயிருந்தது. உடம்பைக் கொடுத்து ஓர் இழுப்பு இழுத்தபோது வண்டி முன்னால் நகர்ந்தது. ஒரு சாண்கூட இருக்காது. அதற்குள் ஜாக்கி சரிந்து, பிரேக் டிஸ்க் நேராகத் தரையில் இறங்கிப் பேவர் பிளாக்கின் மூலையைப் பெயர்த்துவிட்டது. நான் கையை எடுத்தேனா, கை தானாக வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. மகள் டார்ச்சைக் கீழே போடவில்லை. காலிப்பர் மேலேயே வெளிச்சத்தைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

ஏன் நகர்ந்தது என்பது அன்று ராத்திரிதான் புரிந்தது. மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் பின் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும் என்று, முதல் கியரில் மட்டும் நிறுத்துவது என் பழக்கம். நான்கு சக்கரமும் ஊன்றியிருக்கும்போது அது போதும். ஆனால் ஸ்விஃப்ட்டில் என்ஜின் இழுப்பது முன் சக்கரங்களை. அதில் ஒன்று அந்தரத்தில் இருந்தால், விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் அந்தப் பக்கத்தைச் சும்மா சுற்றவிட்டு, தரையில் இருக்கிற இன்னொரு சக்கரத்தை உருளவிட்டுவிடும். கியர் போட்டதும் போடாததும் ஒன்றுதான். எங்கள் வாசல் தெருப்பக்கம் லேசான சரிவு வேறு. பின் சக்கரத்துக்கு ஒரு கல்கூட நான் வைக்கவில்லை.

அடுத்த தெருவில் ஷெட் வைத்திருக்கும் அண்ணன் வந்து வண்டியைத் தூக்கிக் கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. போகும்போதுதான் சொன்னார்: "தம்பி, ஜாக்கி தூக்குறதுக்கு மட்டுந்தானுங்க. தூக்கின வண்டி நிக்கோணும்னா ஸ்டாண்டு வேணும். முதல்ல நல்ல ஸ்டாண்டா ஒரு ஜோடி வாங்குங்க, மிச்சக் காசுக்கு ஜாக்கி பாத்துக்கலாம்."

அந்த வரிசையில்தான் வாங்கினேன். என் வண்டி ஒரு டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. கணக்குப்படி 2 டன் ஸ்டாண்டே போதும். நான் 3 டன் எடுத்தேன், காரணம் அதன் கால் அகலம். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து உச்சியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். "பெருசாவே எடுத்துக்கோங்க" என்று 6 டன்னையும் காட்டினார்கள். அதன் மிகக் குறைந்த உயரமே 40 சென்டிமீட்டர் பக்கம். சின்ன வண்டிக்கு அவ்வளவு தூக்கித்தான் ஸ்டாண்டையே உள்ளே தள்ள முடியும், அது வேண்டாத வேலை. 3 டன் ஸ்டாண்டு 28-லிருந்து 42 சென்டிமீட்டர் வரை நிற்கும்.

லேபிளில் போட்டிருக்கும் டன் ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல கடைகளில் கேட்ட பிறகுதான் அவர்களே திருப்பிப் படிக்கிறார்கள்.

ஜாக்கிக்கு நான் டன்னைப் பார்க்கவே இல்லை, உயரத்தைத்தான் பார்த்தேன். சக்கரத்தில் உருளும் சாதாரண 2 டன் டிராலி ஜாக்கி இறங்கிய நிலையில் 13 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், ஏற்றினால் 33 வரை வரும். தாழ்வான வகை என்றால் எட்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளியே 163 மில்லிமீட்டர்தான். டயரில் காற்று இல்லாவிட்டால் அதுவும் குறையும். பக்கவாட்டில் எந்த ஜாக்கியும் நுழைந்துவிடும். முன் பம்பருக்கு அடியில் விட்டுப் பார்த்தால்தான் தெரியும், ஜாக்கி நுழைந்தாலும் கைப்பிடியை மேலும் கீழும் அசைக்க இடமிருக்காது.

முன்பக்கமாக ஏன் விட வேண்டும் என்றால், கதவுக்கு அடியில் இரண்டு தகடு சேரும் விளிம்பில், வெட்டு அடையாளம் போட்ட இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஜாக்கியை அங்கே கொடுத்துவிட்டால் ஸ்டாண்டை எங்கே வைப்பது? முதல் தடவை அரை மணி நேரம் இதிலேயே போனது. இப்போது முன்பக்கத்தை நடுவிலுள்ள குறுக்குச் சட்டத்தில் தூக்குகிறேன், ஸ்டாண்டு இரண்டும் விளிம்பு அடையாளத்துக்குப் போகின்றன. எந்தச் சட்டம் எடை தாங்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், அதனால் உங்கள் வண்டி மேனுவலைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பக்கத்திலேயே என்ஜின் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப் இருக்கிறது. அதில் ஜாக்கி பட்டால் தகடு உள்ளே போய்விடும்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். குறிப்பாகத் தரை பற்றி, எனக்கு அதில்தான் இன்னும் சந்தேகம்.

சென்னை, அடுக்குமாடி, ஐ10

தரை பற்றி நான் சொல்கிறேன். எங்கள் பார்க்கிங்கில் டைல்ஸ். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கிவந்த புது ஜாக்கியை முதல் நாளே வைத்துத் தூக்கினேன். இரும்புச் சக்கரம் நின்ற இடத்தில் டைல்ஸ் டப்பென்று விண்டது. அசோசியேஷனுக்குக் காசு கட்டினேன். அப்புறம் தச்சரிடம் சொல்லி, முக்கால் அங்குல பிளைவுட்டில் மூன்றடிக்கு இரண்டடி அளவில் இரண்டு பலகை வெட்டிவாங்கினேன். ஒன்று ஜாக்கிக்கு, இன்னொன்றைப் பாதியாக அறுத்து ஸ்டாண்டுகளுக்கு.

பலகை ஏன் மூன்றடி நீளம் என்று கேட்பீர்கள். டிராலி ஜாக்கியின் கை நேராக மேலே போகாது, வில் மாதிரி வளைந்து போகும். வண்டி ஏற ஏற ஜாக்கி தானாக உருண்டு வண்டிக்கு அடியில் போக வேண்டும். அதற்காகத்தான் அதற்குச் சக்கரமே. மண்ணிலோ ஜல்லியிலோ பேவர் பிளாக் இடுக்கிலோ சக்கரம் மாட்டிக்கொண்டால் ஜாக்கி நகராது. அப்போது தலையிலுள்ள கிண்ணம் தூக்கும் இடத்தை விட்டு இழுபட ஆரம்பிக்கும். தூக்கும்போது கிண்ணத்தைப் பார்ப்பதைவிட அந்தச் சக்கரத்தைப் பாருங்கள், உருண்டுகொண்டிருந்தால் சரி. கோவைக்காரரே, உங்கள் வாசலில் பேவர் பிளாக் என்றால் பலகை கட்டாயம் போடுங்கள்.

வெயில் காலத்தில் தார் ரோட்டில் ஸ்டாண்டு போட்டவர்களுக்கும் இதே பலகைதான் வழி. மத்தியானம் இளகிய தாரில் ஸ்டாண்டின் நான்கு காலும் மெல்ல இறங்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மதுரை, பொலேரோ

எங்கள் அப்பா வைத்திருந்த பழைய டிராலி ஜாக்கி. நல்ல கனம், இரண்டு பேர் பிடித்தால்தான் நகர்த்த முடியும். இரண்டு வருடம் முன்பு, கைப்பிடியை அடித்தால் ஏறும், பத்து நிமிடத்தில் மெல்ல இறங்கும் என்று ஆகிவிட்டது. எண்ணெய் குறைந்திருக்கும் என்று நினைத்து, வீட்டில் இருந்த பிரேக் ஆயிலை ஊற்றினேன். யாரும் இதைச் செய்யாதீர்கள். ஜாக்கிக்குள் இருக்கும் ரப்பர் வளையங்கள் மினரல் ஆயிலுக்கென்று செய்தவை. பிரேக் ஆயில் பட்டால் ஊறி, உப்பி, கூழாகிவிடும். ஒரு மாதத்தில் ஜாக்கி ஏறுவதே நின்றுபோனது.

பாட்டில் ஜாக்கி ரிப்பேர் பார்க்கும் கடையில் கொடுத்தேன். பிரித்துக் காட்டினார்கள். வளையத்தை விரலால் தொட்டால் கறுப்பாக ஒட்டியது. புது சீல் கிட் போட்டு, ஹைட்ராலிக் ஜாக்கி ஆயில் ஊற்றிக் கொடுத்தார்கள். காற்று எடுக்கும் முறையையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஜாக்கியை இறக்கத் திறக்கும் ரிலீஸ் வால்வைத் திறந்துவிட்டு, எடை எதுவும் இல்லாமல் கைப்பிடியை ஏழெட்டுத் தடவை முழுக்க அடிக்க வேண்டும். அப்புறம் வால்வை மூடிவிட்டு ஏற்றிப் பார்க்கலாம். புது ஜாக்கி வாங்கியவர்களும் முதல் நாள் இதைச் செய்யுங்கள், வண்டியில் வரும்போது படுக்கவைத்திருந்தால் உள்ளே காற்று ஏறியிருக்கும்.

இன்னொன்று, பொலேரோவுக்கு அடியில் தனிச் சேஸ் சட்டம் இருப்பதால் தூக்கும் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் வண்டி உயரம். ஜாக்கியின் உச்ச உயரம் போதவில்லை என்று கிண்ணத்தின் மேல் கட்டையை அடுக்கித் தூக்குபவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். 50 சென்டிமீட்டர் ஏறுகிற 3 டன் ஜாக்கி கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

நியூ ஜெர்சி, கேம்ரி

ஸ்டாண்டு பற்றி இங்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020-ல் ஹார்பர் ஃபிரைட் என்ற கடைக்காரர்கள் பிட்ஸ்பர்க் என்ற பெயரில் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்ப வாங்கினார்கள். ஏறத்தாழ 17 லட்சம் ஸ்டாண்டுகள். ஏற்றி இறக்கும் தண்டில் பற்கள் இருக்குமே, அவற்றில் கொக்கி போதுமான ஆழத்துக்கு உட்காரவில்லை என்பதுதான் குறை. வண்டி நிற்கும்போது யாராவது அசைத்தால் கொக்கி நழுவி, தண்டு கீழே இறங்கிவிடலாம். மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் ஒரு வகையிலும் வெல்டிங் குறை இருந்து, அதையும் திரும்ப வாங்கினார்கள்.

என்னிடம் இருந்தது வேறு கம்பெனி. ஆனாலும் அன்று ராத்திரியே கராஜுக்குப் போய் டார்ச் அடித்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தேன். கொக்கி பல்லின் அடிவரைக்கும் போகிறதா, கைப்பிடியைத் தூக்காமல் தண்டை மேலிருந்து ஓங்கித் தட்டினால் அசைகிறதா என்று. அதற்குப் பிறகு கொக்கியோடு கூடவே குறுக்கு ஊசியும் போடுகிற வகைக்கு மாறிவிட்டேன். கொக்கி விட்டாலும் ஊசி பிடிக்கும். ஊரில் அப்பாவுக்கும் அதே மாதிரி ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அவர் எழுபது வயதிலும் தன் வண்டிக்குத் தானேதான் ஆயில் மாற்றுகிறார், நிறுத்தச் சொன்னால் கேட்கமாட்டார்.

திருநெல்வேலி, ஷெட்

நான் இருபது வருஷமா ஷெட்டு நடத்துறேன். ஒண்ணே ஒண்ணு. ஹாலோ பிளாக்கையும் செங்கலையும் வண்டிக்கு அடியில முட்டுக் கொடுக்காதீங்க. மரக்கட்டை உடையுறதுக்கு முன்னாடி முனகும், நமக்குக் கேக்கும். ஹாலோ பிளாக் சத்தமே இல்லாம ஒரு நொடியில மாவாப் போயிரும். கழட்டின சக்கரத்தைச் சுவத்துல சாய்க்காதீங்க, வண்டிக்கு அடியில படுக்கப் போடுங்க. எது விட்டாலும் வண்டி அது மேல உக்காரும், ஆள் மேல உக்காராது.

கோவை, ஸ்விஃப்ட்

திருநெல்வேலி அண்ணாச்சி, சக்கரத்தை அன்று சுவரில்தான் சாய்த்திருந்தேன். படித்ததும் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நன்றி.

பலகை வெட்டிவிட்டேன். நேற்றுப் பின் பிரேக் ஷூ பார்த்தேன். பின்பக்கம் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கால் பிரயோஜனம் இல்லை, அது பிடிக்கிற சக்கரங்கள்தான் மேலே இருக்கின்றன. அதனால் முதல் கியர் போட்டு, முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை வைத்தேன். ஜாக்கியின் சக்கரம் பலகையில் உருண்டதைக் கண்ணால் பார்த்தேன். ஸ்டாண்டில் இறக்கியதும், மதுரைக்காரர் சொன்னதைப் படித்த பயத்தில், ஜாக்கியையும் ஒரு சோதனை போட்டேன். வண்டிக்கு அடியில் யாரும் இல்லாத நேரத்தில் மறுபடி ஜாக்கியில் மட்டும் ஏற்றி, விளிம்பு நிற்கும் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு மணி நேரம் விட்டேன். கோடு மாறவில்லை.

பிறகு ஸ்டாண்டில் இறக்கி, கொக்கியும் ஊசியும் சரிபார்த்து, இரண்டு கையாலும் வண்டியை நன்றாகத் தள்ளி ஆட்டினேன். அசையவில்லை. கழற்றிய சக்கரங்களை அடியில் படுக்கப் போட்டேன். அதன் பிறகுதான் மகளைக் கூப்பிட்டேன். வாசற்படியைத் தாண்டி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அங்கிருந்தே டார்ச் அடித்தாள், வெளிச்சம் போதவில்லை, ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.