5 ஏக்கர் மனைப்பிரிவில் ஊருக்கு விட்டது 50 செண்டா, 35 செண்டா?

பனங்காடு:
நம்ம ராஜாளி நேற்று ஒரு நோட்டீஸ் படம் போட்டிருந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் 5 ஏக்கரில் மனை. அதில் கொட்டை எழுத்தில், "5 ஏக்கரில் 10 சதவீதம் ஊர்ப் பொது உபயோகத்துக்கு இலவசம்". கீழே ஆகா ஓகோ என்று எண்ணி மாளாத பாராட்டு. நான் போய் வரைபடத்தைப் பார்த்தேன். பச்சை அடித்திருக்கும் இடம் 35 செண்ட். 5 ஏக்கர் என்றால் 500 செண்ட். அதில் 10 சதவீதம் 50 செண்ட். மீதி 15 செண்ட் எங்கே?

உச்சிப்புளி ராஜாளி:
அண்ணே, படம் பார்த்துக் கதை சொல்லாதீர்கள். 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் படியுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேலே போனால், சாலை நீங்கலாக உள்ள பரப்பில் 10 சதவீதம் விட வேண்டும். ரோட்டுக்கு 150 செண்ட் போய்விட்டது. மீதி 350. அதில் 10 சதவீதம் 35. கணக்கு சரிதானே? அப்புறம் அந்த 150 செண்ட் ரோடும் ஊர் நடப்பதற்குத்தான். மொத்தம் 185 செண்ட் விட்டிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் வேறு யார் விட்டார்கள்?

பனங்காடு:
விதி எனக்கும் தெரியும் தம்பி. விதிப்படி 35 என்றால் நோட்டீஸில் 35 என்று போட வேண்டியதுதானே? "5 ஏக்கரில் 10 சதவீதம்" என்று ஏன் போட்டீர்கள்? 5 ஏக்கரில் 10 சதவீதம் 50 செண்ட். ரோடு போடாமல் ஒரு மனையாவது விற்குமா உங்களுக்கு? அதையும் ஊருக்கு விட்ட கணக்கில் சேர்க்கிறீர்களே. 15 செண்டுக்குப் பதில் சொல்லுங்கள்.

வடக்குத்தெரு காக்கா:
அஸ்ஸலாமு அலைக்கும். நான் கீழக்கரை, இப்போது துபாயில் இருக்கிறேன். அந்தப் பொது இடத்தில் ஒரு ஆஸ்பத்திரி கட்டச் சொல்லலாமே? வெளிநாட்டில் இருக்கிற நாங்களெல்லாம் பணம் போடத் தயார். பூங்கா என்று விட்டால் சீமைக்கருவேலம்தான் முளைக்கும்.

பனங்காடு:
காக்கா, நல்ல மனசு. ஆனால் அது நடக்காது. பெங்களூரில் பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்துக் குடியிருப்புவாசிகள் வழக்குப் போட்டார்கள். 1991ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரி நல்ல காரியம்தான், அதற்கு வேறு இடம் பாருங்கள், திறந்தவெளியில் கை வைக்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். சரி, அதை விடுங்கள். 15 செண்ட் பேச்சை ராஜாளி நைசாகத் தள்ளிப் போடுகிறார்.

வடக்குத்தெரு காக்கா:
பெங்களூரு வழக்கை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? இங்கே பிரசவத்துக்கே ராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் ஓட வேண்டியிருக்கிறது. ஊஞ்சலும் சறுக்குமரமுமா இப்போது முக்கியம்?

கடலோரத்தாள்:
மண்டபம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு கேள்வி. பொது உபயோகம் என்றால் எது? பூங்கா மட்டுமா? எங்கள் ஊரில் பெண்கள் காரல் கருவாட்டைத் தார்ரோட்டின் வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் சாக்கு விரித்துக் காயப் போடுகிறார்கள். வண்டி வரும்போதெல்லாம் சாக்கின் முனையைக் காலால் மடக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பாசி எடுத்து வருகிறவர்களுக்கும் அதே ரோடுதான். கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் மீனவர்களின் பொது இடங்கள், மீன் காயவைக்கும் களம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும் என்று 2011 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையிலேயே இருக்கிறது. அதை யாராவது பார்த்தீர்களா? எதைப் பொது உபயோகம் என்கிறோம் என்று முதலில் முடிவு பண்ணிவிட்டுப் பேசலாம்.

உச்சிப்புளி ராஜாளி:
அக்கா, அது கடற்கரைப் புறம்போக்கு விவகாரம். என்னுடையது பட்டா நிலம். இரண்டையும் குழப்பாதீர்கள். பனங்காடு அண்ணனுக்கு மறுபடியும் சொல்கிறேன்: சாலை நீங்கலாக. சாலை நீங்கலாக. சாலை நீங்கலாக.

பனங்காடு:
மூன்று தடவை சொன்னால் 35 செண்ட் 50 ஆகிவிடுமா? நோட்டீஸை இன்னும் அழிக்கவில்லை நீங்கள். "5 ஏக்கரில்" என்றுதான் இப்போதும் இருக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன். அந்த 35 செண்டும் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். தென்கிழக்கு மூலையில், ஓடைக்கு ஒட்டின பள்ளம். மண் மேலே உப்புப் பூத்துக் கிடக்கிறது, நடந்தால் செருப்பில் அப்பிக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் நிற்கிற இடம். ரோட்டோர மேட்டு மனையெல்லாம் விலைக்கு, பள்ளம் ஊருக்கு. எந்தப் பிள்ளை அங்கே போய் விளையாடும்? சட்டப்படி தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்குக் கொடுத்தே ஆக வேண்டிய நிலம் அது. 10,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் காசு கட்டிக் கழித்திருப்பீர்கள். 5 ஏக்கர் 20,000ஐத் தாண்டுவதால் வேறு வழியில்லாமல் விட்டீர்கள். கட்டாயத்துக்கு விட்டதற்கு இவ்வளவு விளம்பரமா?

உச்சிப்புளி ராஜாளி:
பள்ளமென்றால் மண்ணடித்துக் கொடுக்கிறேன். ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல வராதா உங்கள் வாயில்? இதே பகுதியில் 2016க்கு முன்னால் அங்கீகாரமே இல்லாமல் பனைமரத்தை வெட்டி, நான்கு கல் நட்டு, கொடி கட்டி விற்றார்களே, அங்கே எத்தனை செண்ட் பூங்கா? ஒரு செண்ட் உண்டா? அப்படி விற்ற மனைகளை முறைப்படுத்த 2017 வரன்முறை விதி வந்ததும் பணத்தைக் கட்டிவிட்டு மூச்சு விடாமல் உட்கார்ந்துகொண்டார்கள். அங்கேதான் நீங்களும் மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறீர்கள். சொல்லவா வேண்டாமா?

பனங்காடு:
தாராளமாகச் சொல்லுங்கள். 20.10.2016க்கு முந்திய மனைக்கு அரசாங்கமே வரன்முறைக்கு வழி விட்டது, நானும் கட்ட வேண்டியதைக் கட்டினேன். எங்கள் தெருப் பிள்ளைகள் விளையாட இடமில்லாமல் ரோட்டில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அதைத் தினமும் பார்க்கிறதால்தான் கேட்கிறேன். என் வீட்டுக் கதைக்குள் புகுந்தால் 15 செண்ட் மறந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

வடக்குத்தெரு காக்கா:
இவர் போன மாதம் காவிரி கூட்டுக் குடிநீர் விவாதத்திலும் இப்படித்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நான் எழுதினால், வெளிநாட்டிலிருந்து கருத்துச் சொல்லாதே என்றார். என் உம்மா இங்கேதான் குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறார்.

பனங்காடு:
அன்றைக்கு நீங்கள் என்னை என்ன சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள் காக்கா. நான் மறக்கவில்லை. உங்கள் உம்மா படும் பாடு எனக்கும் தெரியும், எங்கள் தெருவிலும் அதே லாரிதான். நான் சொன்னது உங்களை, அவரை இல்லை.

கடலோரத்தாள்:
என் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்த 35 செண்டில் கருவாடு காயப்போட ஒரு களம் வருமா வராதா?

உச்சிப்புளி ராஜாளி:
கருவாட்டு வாசத்துக்குப் பக்கத்தில் யார் மனை வாங்குவார்கள் அக்கா? உள்ளதைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

கடலோரத்தாள்:
உங்கள் நோட்டீஸில் "கடற்காற்று, மீனவ கிராமத்து அழகு" என்று போட்டு விற்கிறீர்கள். அழகு வேண்டும், வாசம் வேண்டாமா? மண்ணெல்லாம் விற்றபிறகு நாங்கள் எங்கே காயப்போடுவது, வீட்டு மாடியிலா?

பனங்காடு:
அந்தத் தங்கச்சி கேட்டது நியாயம். 50 செண்ட் இருந்திருந்தால் பிள்ளைகளுக்கு 35 போக, களத்துக்கு 15 கிடைத்திருக்கும். மறுபடியும் அந்த 15 செண்டில்தான் வந்து நிற்கிறது.

உச்சிப்புளி ராஜாளி:
என் நிலத்தில் உங்கள் பங்கு பிரிக்கிறீர்களா? 185 செண்ட் விட்ட எனக்கு இது தேவைதான்.

பனங்காடு:
185 இல்லை, 35. அக்டோபர் 2 கிராம சபைக்கு வரைபடத்தோடு வாருங்கள். பூங்கா எந்த மூலையில் என்று ஊர் முன்னால் விரித்துக் காட்டுங்கள். வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

உச்சிப்புளி ராஜாளி:
போன கிராம சபைக்கு நீங்கள் வந்தீர்களா? வருகைப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா, முதலில் அதைக் காட்டுங்கள்.

வடக்குத்தெரு காக்கா:
ஆஸ்பத்திரி விஷயம் என்ன ஆச்சு?

பனங்காடு:
காக்கா, அது வேறு இழை, நீங்களே ஒன்று தொடங்குங்கள். ராஜாளி, போன கிராம சபையில் நான் கடைசி வரை இருந்தேன், கையெழுத்தும் போட்டேன். நோட்டீஸை இன்னும் மாற்றவில்லை நீங்கள்.