மாமரம் வெட்டுறதா வேணாமா

அம்மா: எல்லாருக்கும் சொல்லிடுறேன். நாளைக்குக் காலையில மரம் வெட்ட ஆள் வர்றார். அப்புறம் சொல்லவே இல்லன்னு யாரும் வரக்கூடாது.

அத்தை: எந்த மரம்

அத்தை: மாமரமா???

அம்மா: ஆமா அண்ணி. 9 வருஷம். ஒரு பூ இல்ல. பக்கத்து வீட்டு மாடி பூரா நம்ம இலைதான்.

பெரியப்பா: வெட்ட வேண்டாம். முதலில் அடிமரத்தை போட்டோ எடுத்து அனுப்பவும். தரையிலிருந்து 1 அடி வரை தெரிய வேண்டும்.

அண்ணன்: எங்கப்பா ஆரம்பிச்சுட்டார்

நான்: [போட்டோ]

பெரியப்பா: பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு பட்ட குச்சி இருக்கிறது. ஒட்டுக்கட்டிய பிளாஸ்டிக் நாடா இன்னும் அதில் சுற்றியிருக்கிறது, பட்டை அதன் மேல் வளர்ந்து பாதி மூடிவிட்டது. நாம் வாங்கிய ஒட்டு அதுதான், கொட்டைக்கன்றின் மேல் கட்டிய நல்ல மரத்துக் குச்சி. எப்போதோ செத்துவிட்டது. இப்போது மாடி உயரம் நிற்பது ஒட்டுக்குக் கீழே இருந்து கிளம்பிய கொட்டைக்கன்று. ஒட்டு என்றால் 3, 4 வருஷத்தில் காய்க்கும். கொட்டையில் வந்தது 7, 8, சமயத்தில் 10 கூட ஆகும். காய்த்தாலும் என்ன ருசி என்று சொல்ல முடியாது. கீழே வருகிற துளிரைக் கிள்ளிவிட வேண்டும் என்று வைத்த அன்றே சொன்னேன்.

அப்பா: யார்கிட்ட சொன்னீங்க

அத்தை: ஆடு கடிச்சதே, மறந்தாச்சா. கேட்டை யார் திறந்து போட்டது

அண்ணன்: அத்தை அப்ப நான் சின்னப் பையன்

அம்மா: அப்ப இத்தனை வருஷமா கொட்டைக்கா தண்ணி ஊத்துனேன்

பெரியப்பா: அதுவும் தப்பு. வாஷிங் மெஷின் தண்ணீர் வருஷம் முழுக்க அங்கேதான் போகிறது. பூக்கிறதுக்கு முன்னால் 2 மாதமாவது காய்ச்சல் வேண்டும்.

அத்தை: யாருக்குக் காய்ச்சல்

நான்: மரத்துக்கு அத்தை. தண்ணி விடாம காயப்போடணுமாம்

அம்மா: கடைசியில என் மேலதான் வந்து நிக்கும்

அத்தை: அது கிடக்கட்டும். எங்க பப்பாளி நீளமா காம்பு விட்டு கொத்துக்கொத்தா பூக்குது. ஒரு பிஞ்சு நிக்கல

நான்: ஆண் மரம் அத்தை. பெண் மரம்னா பூ தண்டை ஒட்டினாப்ல ஒண்ணு ரெண்டுதான் இருக்கும்

அத்தை: ஒரே ஒரு கன்னுதானே வச்சேன்

நான்: விதைக்கன்னுன்னா ஒரே குழியில 3, 4 வைக்கணும். பூத்ததும் பார்த்து ஒண்ணை விட்டுட்டு மிச்சத்தைப் பிடுங்கிடணும்

அத்தை: அங்கயும் ஆம்பளைங்கதான் சும்மா நிக்கிறதா

அப்பா: அக்கா

பெரியப்பா: விஷயத்துக்கு வருவோம். அடியோடு எடுக்க வேண்டாம். 9 வருஷத்து வேர். 4 அடியில் தலையை மட்டும் வெட்டி, ஒரு கிளையை அப்படியே விடவும். வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைத் தடுப்பு மருந்து) பூசவும். துளிர் நிறைய வரும். நல்லதாக 4, 5 மட்டும் நிறுத்தி, பென்சில் கனம் ஆனதும் நல்ல மரத்துக் குச்சியை வைத்து ஒட்டுக்கட்டினால் 3 வருஷத்தில் காய் பார்க்கலாம். கட்ட நானே வருகிறேன்.

அப்பா: வர்றப்ப ஏணியையும் எடுத்துட்டு வாங்கண்ணா

பெரியப்பா: ஏணி என்னுடையது.

அப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: படிச்சுட்டேன்

அண்ணன்: போச்சு

அம்மா: ஆளுக்கு நான் என்ன சொல்ல. வரச்சொல்லவா வேணாமா

அப்பா: வரட்டும்

பெரியப்பா: வரட்டும். 4 அடிக்குக் கீழே ரம்பம் இறங்கக் கூடாது.

அம்மா: இன்னும் 3 வருஷம் பக்கத்து வீட்டுக்கு யார் பதில் சொல்றது

அத்தை: அந்த ஆளை அப்படியே இங்கயும் அனுப்பு. பப்பாளிக்கு

அண்ணன்: பப்பாளிக்கு எதுக்கு ஆள். உதைச்சா விழும்

அத்தை: நீ வந்து உதை